நேபாளத்தின் அன்னபூர்ணா மலைநடைச் சுற்றுப்பாதையில் தொராங் லா கணவாயை ஒரே வாரத்தில் கடக்க முடியுமா? மனாங் வரை ஜீப் போகிறதாமே?

உங்களுக்கு ஒரு வாரம்தான் லீவு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். காத்மாண்டுவிலிருந்து பெசிசஹர் ஒரு நாள், அங்கிருந்து ஜீப்பில் மனாங் ஒரு நாள், யாக் கர்கா, தொராங் பேடி, கணவாய், ஊர் திரும்ப இரண்டு நாள். காகிதத்தில் கணக்கு சரியாக வரும். 2018 அக்டோபரில் நானும் தம்பியும் போட்டது இதே கணக்குதான். அதனால்தான் எழுதுகிறேன்: வேண்டாம்.

பெசிசஹர் 760 மீட்டர், மனாங் 3,540. ஜீப்பில் ஒரே நாளில் ஏறிவிட்டோம். மறுநாள் காலை தம்பிக்குத் தலைவலி. பயண அலுப்பு என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். பொதுவாக எல்லோரும் மனாங்கில் இரண்டு இரவு தங்குவார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பற்றி அங்கே மருத்துவர்கள் பிற்பகலில் வகுப்பு எடுக்கிறார்கள். நாள் போதாது என்று இரண்டையும் விட்டுவிட்டு நடந்தோம்.

நான்காவது நாள் மாலை, 4,450 மீட்டரில் இருக்கும் தொராங் பேடி. சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்து வந்தவன் குடித்தவன் போலத் தள்ளாடினான். ஷூ லேஸைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்து நாலு வயதுப் பையன், தினமும் ஓடுகிறவன். எங்கள் போர்ட்டர் அவனை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். முடியவில்லை. மூளையில் நீர் கோக்கும்போது இப்படித்தான் ஆகுமாம். காலை வரை பார்க்கலாம் என்றேன். அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கல் உருளும் சரிவு வழியாக அந்த இரவே யாக் கர்காவுக்கு இறக்கினோம். அடுத்த நாள் மனாங் வந்ததும்தான் என்னிடம் கோர்வையாகப் பேசினான்.

நான் மருத்துவர் இல்லை. இப்படி வேகமாகப் போய் நலமாகக் கடந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இங்கே வந்து சண்டை போட வேண்டாம். உயரம் யாரைப் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாது, உடற்பயிற்சி அதற்குக் காப்பு இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பார்கள். டயமாக்ஸ் என்ற உயர நோய்த் தடுப்பு மாத்திரை போட்டாலும் இது மாறாது, அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊருக்கு வந்ததும் உறவினர்கள் அம்மாவான என்னிடம் கேட்டது, "பிள்ளைகளை விட்டுவிட்டு உனக்கு எதற்கு மலை?" தம்பிக்கும் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. அவனிடம் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அடுத்த ஆண்டு பதினான்கு நாள் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். ஜீப் மனாங்குக்கு முன்பே வரும் சாமே வரை மட்டும். அப்புறம் மேல் பீசாங், ஙாவல் வழியாக நடை. மனாங்கில் மூன்று இரவு தங்கி, 4,600 மீட்டரில் இருக்கும் ஐஸ் லேக் வரை ஏறிவிட்டு இறங்கி வந்து தூங்கினோம். கணவாயைக் கடந்த அன்று அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினோம், வெயில் ஏற ஏற அங்கே காற்று ஆளைத் தள்ளும். ஒன்பது மணிக்கு 5,416 மீட்டர். தம்பிக்குத் தலைவலிகூட இல்லை. மறுபக்கம் 1,600 மீட்டர் இறக்கம், முட்டிக்குச் சோதனை, கைத்தடி கட்டாயம். கீழே முக்திநாத். நம் திவ்யதேசங்களில் திருச்சாளக்கிராமமாகச் சேவிக்கப்படும் தலம். அம்மா எங்களை இரண்டாம் முறை விட்டதே அதற்காகத்தான். கோயிலில் நீர் கொட்டும் 108 தாரைகளிலும் நனைந்தோம்.

இன்னொன்று, ஓரிரு நாள் கையிருப்பு வையுங்கள். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயலின் மிச்சம் அங்கே பனிப்புயலாகி நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். வானம் கெட்டால் பேடியில் காத்திருக்க நாள் வேண்டும்.

ஏழு நாள்தான் என்றால் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வழியாக முக்திநாத் போங்கள். அங்கேயும் 3,800 மீட்டர் இருக்கிறது, வழியில் ஓர் இரவு தங்கி ஏறுங்கள். பதினான்கு நாள் கிடைக்கும் என்றால் தேதியைச் சொல்லுங்கள், எங்கெங்கே தங்கினோம் என்று எழுதித் தருகிறேன்.