குதிரைப் பாதியின் மேல் விழுந்த பழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களுக்கு முன் லண்டன் சென்றிருந்தபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தனான் கோயிலின் சிற்பப் பலகைகளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. இடுப்புவரை மனிதராகவும் அதற்குக் கீழே குதிரையாகவும் உள்ள சென்டார்கள் லாபித் இனத்து இளைஞர்களோடு மல்லுக்கு நிற்கும் காட்சிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மேல் பாதி அறிவு, கீழ்ப் பாதி மிருக இச்சை, இரண்டுக்குமான போராட்டத்தையே கிரேக்கர் இப்படி உருவகப்படுத்தினார்கள் என்று எங்களுக்கு விளக்கியவர் சொன்னார். பாரசீகரை வென்ற பெருமிதமும் இச்சிற்பங்களில் இருக்கிறது என்றார். ஆனால் அக்கிலீஸை வளர்த்த கைரோனும் ஒரு சென்டார்தானே? மிருக இச்சையின் உருவம் என்றால், தங்கள் தலைசிறந்த வீரனை அதனிடம் ஏன் ஒப்படைத்தார்கள்? குதிரையேறி வந்தவர்களை முதன்முதலாகப் பார்த்து மிரண்டவர்கள் கட்டிய கதை இது என்று ஓரிடத்தில் படித்தேன், அது சரியா? நம் பஞ்சாங்கங்களில் தனுசு ராசிக்குப் போடும் குதிரையுடல் வில்லாளனுக்கும் இவர்களுக்கும் உறவு உண்டா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்களுக்கு விளக்கியவர் சொன்னவற்றில் அரசியல் பகுதியை நான் ஏற்கிறேன். பாரசீகப் படை கி.மு. 480இல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றைக் கைப்பற்றி அங்கிருந்த கோயில்களை எரித்தது. அதே குன்றின்மேல் கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய பார்த்தனானில், தூண்வரிசைக்கு மேலே பதித்த 92 பலகைகளில், கிழக்கே தேவர்களும் இராட்சதர்களும், மேற்கே அமேசான் பெண்களும், வடக்கே டிராய் நகரின் வீழ்ச்சியும், தெற்கே சென்டார்களும் செதுக்கப்பட்டார்கள். எரிந்த குன்றைத் தன் கண்ணால் பார்த்த தலைமுறை, இந்தப் போர்க்காட்சிகளைத் தன் நகரத்தின் போரை நினைக்காமல் பார்த்திருக்க முடியாது.

நான் ஏற்காதது மற்றதை. மேலே அறிவு, கீழே மிருகம் என்ற பிரிவினை, கதைகளைப் படிக்காமல் உருவத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தானாகவே தோன்றுவது. கதைகளுக்குள் போனால், சென்டார்களின் குற்றம் எதுவும் குதிரையிடமிருந்து வருவதாகக் கிரேக்கர் சொல்லவில்லை என்பதும், அது முழுக்க முழுக்க மனிதத் தந்தைவழிச் சொத்து என்பதும் தெரியும். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அந்த வம்சத்தின் மூலவன் இக்ஸியோன், தெசலி நாட்டு லாபித்களின் அரசன், முழு மனிதன். மணப்பெண்ணுக்கு ஈடாகப் பரிசுகள் தருவதாக வாக்களித்துவிட்டுத் தராமல் இழுத்தடித்தான். மாமனார் அவனுடைய குதிரைகளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டபோது, எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்று அவரைத் தன்னிடம் வரவழைத்து, மூடி வைத்திருந்த நெருப்புக் குழிக்குள் விழச்செய்தான். உறவின் இரத்தத்தை வஞ்சகமாகச் சிந்திய முதல் மனிதன் இவனே என்கிறார் கவிஞர் பிண்டார். தீட்டுக் கழிக்க மனிதரில் எவரும் முன்வராதபோது தேவர்களின் அரசரான ஜீயஸ் இரங்கி அவனைத் தூய்மைப்படுத்தித் தன் மாளிகையில் விருந்தினனாக வைத்துக்கொண்டார். அங்கே அவன் தனக்கு விருந்தளித்தவரின் மனைவியான ஹீராமீதே ஆசைப்பட்டான். ஜீயஸ் ஒரு மேகத்தை ஹீராவின் வடிவில் செய்து அனுப்ப, அவன் அதனோடு கூடினான். சுழலும் சக்கரத்தில் பிணைக்கப்பட்ட இக்ஸியோன், நன்மை செய்தவருக்கு நன்மையையே திருப்பிச் செய்யுங்கள் என்று மனிதர்களை நோக்கிக் கூவிக்கொண்டே சுழல்கிறான் என்று பிண்டார் பாடுகிறார். அந்த மேகத்துக்குப் பிறந்த கென்டாரோஸ், பீலியோன் மலையடிவாரத்தில் மேய்ந்த பெண்குதிரைகளோடு கூடியதில் பிறந்த கூட்டமே சென்டார்கள். கீழே தாயைப் போலவும் மேலே தகப்பனைப் போலவும் இருந்தார்கள் என்பது பிண்டாரின் வருணனை. அந்தக் குதிரைகள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இப்போது நீங்கள் பார்த்த சிற்பங்களின் கதையைப் பாருங்கள். லாபித் அரசன் பெய்ரித்தூஸ் ஹிப்போடேமியாவை மணக்கிறான். திருமணத்துக்கு சென்டார்களும் அழைக்கப்படுகிறார்கள். ஏன் அழைத்தார்கள் என்று பலரும் கேட்பதில்லை. ஹோமர் பெய்ரித்தூஸை ஜீயஸின் மகன் என்கிறார். வேறு மரபில் அவன் இக்ஸியோனின் மகன், ஆகவே சென்டார்களின் நெருங்கிய இரத்த உறவு. வரலாற்றாசிரியர் டியோடோரஸ் தரும் கதையில், சென்டார்கள் அந்த உறவைச் சொல்லி அரசுரிமையில் பங்கு கேட்கிறார்கள். மறுக்கப்படவே போர் மூள்கிறது. சமாதானத்துக்குப் பிறகுதான் திருமணம் வருகிறது. ஆக இது காட்டுமிராண்டிகளுக்கும் நகரத்தாருக்கும் நடந்த சண்டை என்பதைவிட, பங்காளிச் சண்டை என்பதே பொருந்தும். விருந்தில் மதுவைக் குடித்து வெறியேறிய சென்டார்கள், அழைத்தவனின் வீட்டிலேயே அவனுடைய மணப்பெண்ணின் மீது கைவைக்கிறார்கள். பாட்டன் இக்ஸியோன் ஜீயஸின் மாளிகையில் செய்ய முயன்றதைப் பேரன்கள் பெய்ரித்தூஸின் வீட்டில் செய்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூடக் குதிரையுடலைக் குற்றம் சொல்ல ஒருவருக்கு இடமிருக்கும். ஆனால் குதிரைக் கால்கள் இல்லாத பெய்ரித்தூஸ் என்ன செய்தான்? மனைவி இறந்த பிறகு, தன் நண்பனும் அதே திருமணச் சண்டையில் சென்டார்களோடு பொருதவனுமான ஏதென்ஸ் மன்னன் தீசியஸைக் கூட்டிக்கொண்டு பாதாளத்துக்கு இறங்கி, அதன் அரசன் ஹேடிஸின் மனைவி பெர்சபோனியைக் கவர்ந்துவர முயன்றான். மீண்டும் பிறர் வீடு, மீண்டும் பிறர் மனைவி. தீசியஸ் மட்டும் என்ன, சிறுமியாக இருந்த ஹெலனைத் தூக்கிவந்தவன் அவன். இக்ஸியோனின் குற்றம் அவன் குடும்பத்தின் இரண்டு கிளைகளிலும், குதிரை உடலிலும் மனித உடலிலும், ஒரே வடிவில் திரும்ப வருகிறது.

ஹோமர் இதை அறிந்தே கையாண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒடிசியின் 21ஆம் பாகத்தில், வில்லை நாணேற்றப் பிச்சைக்காரன் வேடத்தில் வந்து நிற்கும் ஒடிசியஸை அடக்க, ஆன்டினூஸ் இந்தக் கதையைச் சொல்கிறான். மது யூரிட்டியோன் என்ற சென்டாரின் புத்தியைக் கெடுத்தது, பெய்ரித்தூஸின் வீட்டில் அவன் அட்டூழியம் செய்தான், வீரர்கள் அவனுடைய காதையும் மூக்கையும் அறுத்து வெளியே தள்ளினார்கள், மனிதருக்கும் சென்டார்களுக்கும் பகை அதிலிருந்து வந்தது என்கிறான். சொல்பவன் யார்? ஒடிசியஸின் வீட்டில் அழையாமல் வந்து அமர்ந்து, அவருடைய ஆடுமாடுகளைத் தின்று, மதுவைக் குடித்து, அவருடைய மனைவி பெனலப்பியைக் கேட்டுக்கொண்டிருப்பவன். அந்தக் கூடத்தில் சென்டார் அவனே. அது அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் ஒடிசியஸின் முதல் அம்பு, பொற்கிண்ணத்தை உயர்த்தும் அவனுடைய தொண்டையில்தான் பாய்கிறது. இந்த இடத்திலும், இலியட்டில் முதியவர் நெஸ்டர் தன் இளமைக்காலப் போரை நினைவுகூரும் இடத்திலும், சென்டார்களுக்குக் குதிரையுடல் இருந்ததாக ஹோமர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மலையில் வாழும் முரட்டு உயிர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய நடத்தை.

குதிரையேற்றத்தைப் பார்த்து மிரண்ட கதை என்பது பழைய ஊகம். கி.மு. நான்காம் நூற்றாண்டின் பாலைஃபாட்டஸ், குதிரை மேலேறி வந்து காட்டு மாடுகளை ஈட்டியால் குத்திய இளைஞர்களைத் தொலைவிலிருந்து கண்டவர்களின் மயக்கமே சென்டார்கள் என்று எழுதினார். ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இன்னும் கூர்மையாக மறுத்தார்: மூன்று வயதில் குதிரை முழு வலிமை பெறுகிறது, அந்த வயதில் மனிதக் குழந்தை தூக்கத்தில் தாயின் மார்பைத் தேடுகிறது, இவ்விரண்டும் எப்படி ஓர் உடலில் சேர்ந்து வளரும் என்று கேட்டார். உயிரியலாக அது சரியான கேள்விதான். ஆனால் தேர்களில் குதிரைகளைப் பூட்டிப் பல நூற்றாண்டுகள் பழகிய சமூகம் அவற்றைக் கண்டு மிரண்டது என்பதை நான் நம்பவில்லை. மேலும், இந்த ஊகம் கைரோனைப் பற்றி எதையும் விளக்குவதில்லை.

கைரோன் இக்ஸியோனின் வழிவந்தவர் அல்லர். உங்கள் முதன்மையான கேள்விக்கு இதுவே பதில். அவருடைய தந்தை ஜீயஸின் தந்தையாகிய குரோனஸ். தாய் கடல்மகளான ஃபிலீரா. அவளோடு இருந்தபோது மனைவி ரேயா கண்டுவிடவே, குரோனஸ் குதிரை வடிவெடுத்துத் தாவி ஓடினார் என்கிறது ஒரு மரபு. ஆகவே கைரோனின் குதிரையுடல் தந்தையிடமிருந்து, அதுவும் ஒரு தெய்வத்திடமிருந்து வந்தது. உடல் ஒன்று, பரம்பரை வேறு. குதிரையுடலே கேட்டின் காரணம் என்றால் கைரோன் சாத்தியமே இல்லை. இக்ஸியோனின் இரத்தம் காரணம் என்றால் அவரைப் போன்ற ஒருவர் அதே உருவத்தில் இருப்பதில் முரண்பாடே கிடையாது. சென்டார்களிலேயே மிகவும் நீதி வாய்ந்தவர் என்று இலியட் அவரை அழைக்கிறது. அம்பு பாய்ந்த யூரிப்பிலஸ், கைரோனிடம் அக்கிலீஸ் கற்று உனக்குச் சொன்ன மருந்தை என் புண்ணில் இடு என்று அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸிடம் கெஞ்சும் இடத்தில் அந்தச் சொல் வருகிறது. தாயின் சிதையிலிருந்து மீட்கப்பட்ட அஸ்க்லீபியஸை அவருடைய தந்தை அப்போலோ கொண்டுபோய்க் கொடுத்ததும் கைரோனிடம்தான். மூலிகையும் அறுவையும் அறிந்த மருத்துவ தெய்வமாக அவர் கைரோனின் மலைக்குகையில் வளர்ந்தார். ஜேசனும் அங்கேதான் வளர்ந்தான்.

விருந்தோம்பலின் அளவுகோலைக் கைரோன்மீதும் வைத்துப் பாருங்கள். அக்கிலீஸின் தந்தை பீலியஸ், அரசன் அகாஸ்டஸின் வீட்டில் விருந்தினராக இருந்தபோது, அரசனின் மனைவி அவர்மீது பொய்ப்பழி சுமத்தினாள். விருந்தினரைத் தன் கையால் கொல்லத் துணியாத அகாஸ்டஸ், அவரை வேட்டைக்கு அழைத்துப்போய், உறங்கியபோது வாளை ஒளித்துவைத்துவிட்டு, சென்டார்கள் கொல்லட்டும் என்று மலையில் விட்டுவந்தான். தேடி வாளை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றியவர் கைரோன். பிறகு பீலியஸின் திருமணத்துக்கு பீலியோன் மலையின் ஆஷ் மரத்தில் செய்த ஈட்டியைப் பரிசாகத் தந்தார். அதை அக்கிலீஸைத் தவிர வேறெவராலும் சுழற்ற முடியவில்லை. கி.மு. 570 அளவில் செய்யப்பட்டு இன்று ஃபிளாரன்ஸில் இருக்கும் பிரான்ஸ்வா கலயத்தில் அந்தத் திருமணம் தீட்டப்பட்டிருக்கிறது. தேவர்களின் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துவந்து மணமகனின் கையைப் பற்றுபவர் கைரோன். மனித முன்கால்களோடும் ஆடையோடும் அவரை வரைந்திருக்கிறார்கள். அதே கலயத்தின் கழுத்துப் பகுதியில் பெய்ரித்தூஸின் திருமணச் சண்டையும் இருக்கிறது! ஒரு திருமணத்தில் சென்டார் முதல் விருந்தினர், இன்னொன்றில் சென்டார்கள் கொள்ளையர். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்த ஓவியர் கிளைட்டியாஸுக்குக் குதிரையுடல் பற்றிய குழப்பம் எதுவும் இருந்திருக்காது.

ஃபோலோஸையும் குறிப்பிடவேண்டும்; அவரும் இக்ஸியோன் வழியினர் அல்லர், வனதேவதையான சைலீனஸின் மகன். பன்றி வேட்டைக்குப் போகும் வழியில் மாவீரர் ஹெராக்ளிஸ் அவருடைய குகையில் தங்கினார். ஃபோலோஸ் தான் பச்சை இறைச்சியை உண்டுகொண்டே விருந்தினருக்கு வாட்டிய இறைச்சியைப் படைத்தார். விருந்தினரின் வழக்கமறிந்து பரிமாறியவர் சென்டார். சென்டார்கள் அனைவருக்கும் பொதுவான மதுத்தாழியைத் திற என்று கேட்டவர் மனிதர். ஃபோலோஸ் அஞ்சினார், ஹெராக்ளிஸ் விடவில்லை. வாசனையறிந்து மற்ற சென்டார்கள் பாறைகளோடும் மரங்களோடும் பாய்ந்துவர, ஹெராக்ளிஸ் ஹைட்ரா என்ற பலதலைப் பாம்பின் நஞ்சு தோய்ந்த அம்புகளை எய்தார். அவற்றில் ஒன்று கைரோனின் முழங்காலில் தைத்தது. இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரியவர்களை எப்படிக் கொன்றது என்று வியந்து ஓர் அம்பைப் பிடுங்கிப் பார்த்த ஃபோலோஸ், அது கைநழுவிக் காலில் விழுந்து இறந்தார். சாகாவரம் பெற்றிருந்த கைரோனுக்கோ புண்ணும் ஆறவில்லை, சாவும் வரவில்லை. கடைசியில் தன் சாகாமையைத் துறந்தே அவர் விடுபட்டார். மருத்துவத்தின் ஆசான் தன் மருந்தெதுவும் உதவாமல் துடித்த அந்த இடம் கிரேக்கக் கதைகளில் எனக்கு மிகவும் கடினமான இடங்களில் ஒன்று. யூபியா தீவின் லெஃப்காண்டியில், கி.மு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, 36 செ.மீ. உயரமுள்ள சுடுமண் சென்டார் கிடைத்திருக்கிறது. தலை ஒரு கல்லறையிலும் உடல் இன்னொன்றிலும் இருந்தன. அதன் முன்கால் முழங்காலில் வேண்டுமென்றே கீறிய வெட்டு ஒன்று உண்டு. அது கைரோன்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பாரசீகப் போருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, காயம்பட்ட நல்ல சென்டாரை ஒருவர் கல்லறைவரை கொண்டுசென்றிருக்கிறார்.

தனுசு பற்றி. உறவு உண்டு, ஆனால் நேர்வழியில் அல்ல. குதிரையுடல் வில்லாளனின் உருவம் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய எல்லைக்கற்களிலேயே இருக்கிறது. அங்கிருந்து கிரேக்க ராசிமண்டலத்துக்கும், யவன சோதிடத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் தனுசு ராசியை, குதிரையின் பின்பகுதியுள்ள வில்லேந்திய மனிதன் என்றே வருணிக்கிறார். நம் பஞ்சாங்கப் படம் அதன் வழிவந்தது. ஆனால் அதில் இருப்பவர் கைரோன் அல்லர். அவருக்குரியது தெற்கு வானத்தின் சென்டாரஸ் மண்டலம் என்பார் ரோமானியக் கவிஞர் ஓவிட். கிரேக்க அறிஞர் எரட்டாஸ்தனீஸின் பெயரில் வழங்கும் விண்மீன் நூலோ, தனுசில் இருப்பவன் சென்டாரே இல்லை, ஏனெனில் சென்டார் எவரும் வில்லைப் பயன்படுத்தியதில்லை என்று வாதிடுகிறது. கதைகளைப் பொறுத்தவரை அது சரி. அவற்றில் சென்டார்களின் ஆயுதம் பிடுங்கிய மரமும் பாறையும்தான். வில் ஹெராக்ளிஸிடம் இருந்தது.

அன்புடன்.