பயந்த சுபாவமுள்ள என் சின்ன நாய் மீது, அவிழ்த்துவிட்ட பெரிய நாய்கள் விளையாடப் பாய்கின்றன. எப்படிச் சமாளிப்பது?

எந்த ஊர் என்று நீங்கள் போடவில்லை. பக்கத்து வீட்டில் லாப்ரடார், உங்களிடம் பொமரேனியன், காலை நடை ஆற்றங்கரையில் என்று எழுதியிருப்பதால் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். "நடையையே நிறுத்திவிடலாமா" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நிறுத்த வேண்டியது உங்கள் நாய் இல்லை.

நாங்கள் இருப்பது திருவையாற்றுக்குப் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரை. எங்கள் மணியும் பொமரேனியன்தான், ஆறு கிலோ இருப்பான். எதிர்வீட்டுத் தம்பியின் லாப்ரடார் சிம்பாவுக்கு முப்பது கிலோ, இன்னும் இரண்டு வயது முடியவில்லை. ஒருநாள் கரையில் அவிழ்த்துவிட்ட சிம்பா நேராக ஓடிவந்து இரண்டு முன்னங்கால்களையும் மணி முதுகில் போட்டது. மணி வீரிட்டுக் கத்திக்கொண்டு என் காலைச் சுற்றுகிறான், சங்கிலி என் முழங்காலில் இறுகுகிறது, தம்பி தூரத்தில் நின்றபடி, "ஒண்ணும் பண்ணாதுக்கா, வெளையாடத்தான் வருது" என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். சிம்பா கடிக்கவில்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை. ஆனால் அதன் பிறகு மணி வாசல்படி இறங்கவில்லை. கொல்லைப்புறத்திலேயே எல்லாம் முடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். ஒன்றும் பண்ணாத நாய்தான் அவனை அப்படி ஆக்கியது.

லாப்ரடார் வளர்ப்பவர்களைத் திட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். என் அண்ணன் வீட்டிலும் லாப்ரடார்தான், தங்கமான பிராணி. பிரச்சினை குணத்தில் இல்லை, எடையிலும் வேகத்திலும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சின்ன நாய் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால், அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பெரிய நாய்க்கும் துரத்திப் பிடிக்கும் புத்தி விழித்துக்கொள்ளும். கவ்வி ஒரு உதறு உதறினால் ஆறு கிலோ உடம்பு தாங்காது.

நம் ஊர்க் கரைகளில் இது கூடுதல் சிக்கல். நாய்கள் தாங்களாகச் சந்தித்தால் நேருக்கு நேர் வருவதில்லை. வளைந்து, பக்கவாட்டில் வந்து, பின்பக்கம் மோந்து பார்க்கும். கரையிலோ ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வேலி போட்ட வாழைக்கொல்லை, நடுவே ஒற்றையடிப் பாதை. வளைய இடமே இல்லை. பயந்த நாய்க்கு விலகவும் வழியில்லை, சங்கிலியில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரைமேல் எந்த நாயையும் அவிழ்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். 2024 மாதிரி ஜூலை 28 வரை தள்ளிப்போன வருஷமும் உண்டு. மூடி, ஆறு காய்ந்து மணல் தெரிந்த பிறகுதான் நாய்களைப் பழக்க நல்ல காலம்.

நாங்களும் மணலில்தான் பழக்கினோம். தம்பியிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த மணியைக் காட்டினேன். அவருக்கே கஷ்டமாகிவிட்டது. சிம்பாவுக்குக் கழுத்துப் பட்டை எடுத்துவிட்டு உடம்புப் பட்டை போட்டு, அதில் பத்து மீட்டர் நைலான் கயிறு கட்டினார். கூப்பிட்டதும் வந்தால் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு, உடனே மறுபடி ஓட விடுவது. இது முக்கியம். வீட்டுக்குப் போகும்போது மட்டும் கூப்பிட்டால், கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் புரிந்துகொண்டு வராமலே இருந்துவிடும்.

அதே சமயம் நான் மணியோடு ஆற்றின் மறுகரை ஓரமாக நடப்பேன். இருவரும் ஒரே திசையில், எதிரெதிரே வருவதே இல்லை. மணி உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராதபோதே கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பி ஒரு முன்னங்காலைத் தூக்கினாலோ பயப்படுகிறான் என்று இன்னும் விலகிவிடுவோம். தரையை மோந்துகொண்டு வால் தளர்வாக நடந்தால் கொஞ்சம் நெருங்குவோம். மாசியில் தொடங்கியது, சித்திரை வெயில் ஏறும்போதுதான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

தெரியாத நாய் திடீரென்று பாய்ந்து வந்தால் என்ன செய்வது என்றுதான் உங்கள் முக்கியமான பயம். உங்கள் நாயைக் காலுக்குப் பின்னால் தள்ளி, வரும் நாயைப் பார்த்து நின்று, கையை நீட்டிக் கனமான குரலில் "நில்" என்று சொல்லுங்கள். பையில் பிஸ்கெட் இருந்தால் அதன் மூக்குக்கு முன்னால் தரையில் வீசுங்கள், பெரும்பாலும் குனிந்துவிடும். சின்ன நாயைத் தூக்கவே கூடாது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். விளையாட வரும் நாய் என்றால் அவர்கள் சொல்வது சரி, தூக்கினால் உங்கள் மார்மேல் தாவும். உடம்பு விறைத்து, உறுமிக்கொண்டு வந்தால் நான் தூக்கத்தான் செய்வேன்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற பிறவிச் செவிடு அந்த இனத்தில் உண்டு. காது கேட்கிறதா என்று பார்க்காமல், கூப்பிட்டால் வரும் என்று நம்பி அவிழ்க்காதீர்கள்.

மணி இவ்வளவு பயந்தவனாக ஆனதற்கு சிம்பா மட்டும் காரணமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் வீட்டு வாசல்களில் சரவெடி. குட்டியாக இருந்தபோதே அந்தச் சத்தத்தில் நடுங்கி வளர்ந்தவன் இவன். நெஞ்சுவலிக்காரர்கள், கைக்குழந்தைகள் இருக்கிற தெரு. போனவரை மரியாதையாக வழியனுப்பப் பறையும் மாலையும் போதாதா? ஊர்க்கூட்டத்தில் பேசிப் பார்த்தேன், "நாய்க்காகப் பழக்கத்த மாத்த முடியுமா" என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

கடியே பட்டுவிட்டால்: கவ்விக்கொண்டிருக்கும் நாய்களுக்கு நடுவில் கையை விடாதீர்கள், அவற்றின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். சின்ன நாய்க்கு மேலே இரண்டு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை நசுங்கியிருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் மேல் பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்கான முதல் தடுப்பூசி அன்றே, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். இலவசம்தான்.

இப்போது மணியும் சிம்பாவும் ஒன்றாக நடக்கின்றன, விளையாடுவதில்லை. மணிக்கு அதில் விருப்பமில்லை, நாங்களும் கட்டாயப்படுத்துவதில்லை. தண்ணீர் வந்ததும் சிம்பா ஐந்தரைக்கு, நாங்கள் ஆறரைக்கு என்று பேசிவைத்திருக்கிறோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஆறு காய்ந்திருக்கும்போதே பேசிவிடுங்கள்.