25 மி.மீ. கிரேட்டிங்குக்கு எந்த லென்ஸ், எவ்வளவு ஸ்லிட்?

கேள்வி: 200 மி.மீ. எஃப்/5 (குவியத்தூரம் விட்டத்தைப் போல் 5 மடங்கு) நியூட்டன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் நிறமாலைமானி ஒன்றை அதற்குக் கட்டுகிறேன். மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் உள்ள 25 மி.மீ. சதுர கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கோடுபோட்ட தகடு) வாங்கியாயிற்று. அனுஷத்தின் நடு நட்சத்திரமான டெல்டா ஸ்கார்பியையில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடான ஹைட்ரஜன்-ஆல்ஃபாவை (அலைநீளம் 6563 ஆங்ஸ்ட்ராம்) பதிவுசெய்ய வேண்டும். 100 மி.மீ. குவியத்தூரக் கொலிமேட்டர் (ஒளியை இணைக்கற்றையாக்கும் லென்ஸ்), 50 மைக்ரான் ஸ்லிட் (ஒளி நுழையும் பிளவு) சரியா?

பதில்: இரண்டையும் குறையுங்கள். கொலிமேட்டர் 80 மி.மீ., ஸ்லிட் 20 மைக்ரான்.

எஃப்/5 என்பதால் 100 மி.மீ. லென்ஸிலிருந்து அதில் ஐந்தில் ஒரு பங்காக 20 மி.மீ. கற்றைதானே வருகிறது, 25-க்குள் அடங்கிவிடுமே என்று தோன்றும். ஆனால் கிரேட்டிங் சாய்ந்தல்லவா நிற்கிறது! கொலிமேட்டருக்கும் கேமரா லென்ஸுக்கும் இடையே 38 டிகிரி வைத்தால், 6563 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒளி விழும் கோணம் 43.6, வெளியேறும் கோணம் 5.6 டிகிரி. அந்தச் சாய்வில் 20 மி.மீ. கற்றைக்கு 27.6 மி.மீ. அகலம் தேவை, ஓர ஒளி வீணாகும். 80 மி.மீ. கொலிமேட்டர் என்றால் 22 மி.மீ. போதும்.

கேமரா லென்ஸ் 100 மி.மீ. குவியத்தூரம், 30 மி.மீ. விட்டம். வெளியேறும் கற்றையே 22 மி.மீ. அகலம், போகப்போக நிறங்களும் விரியும். அதனால் லென்ஸை கிரேட்டிங்குக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள். இந்த அமைப்பில் 20 மைக்ரான் ஸ்லிட் சென்சாரில் 18 மைக்ரானாக விழும், அலைநீளத்தில் அது 1.5 ஆங்ஸ்ட்ராம்; இது சிறிதாக இருந்தால்தான் நுண்விவரம் தெரியும். விழும் கோணத்தையும் வெளியேறும் கோணத்தையும் மாற்றிப் போட்டால் அதே ஸ்லிட்டுக்கு 2.1 ஆகிவிடும். பலர் கவனிக்காத இடம் இது.

50 மைக்ரானில் ஒளி கூடும் என்பது பாதி உண்மைதான். வளிமண்டல நடுக்கம் 3 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) என்றால் உங்கள் குவியத்தில் விண்மீனின் பிம்பமே 15 மைக்ரான். அதற்கு மேல் அகலம் வைத்தால் பெரும்பாலும் வான வெளிச்சம்தான் சேரும். அதைவிட மோசம், விண்மீன் ஸ்லிட்டுக்குள்ளேயே உலாவும். 10 மைக்ரான் நகர்ந்தால் கோடு 0.75 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப்போகும்; திசைவேகத்தில் அது நொடிக்கு 34 கி.மீ. பொய்.

போகஸை ஸ்லிட் பக்கமிருந்து தொடங்குங்கள். அதற்கு முதலில் கேமரா லென்ஸையும் சென்சாரையும் தனியே எடுத்து, ஒரு விண்மீனில் போகஸ் செய்து பூட்டுங்கள். பிறகு அதை கொலிமேட்டருக்கு நேராகப் பிடித்து, ஸ்லிட் கூர்மையாகும் வரை கொலிமேட்டரை நகர்த்துங்கள். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு கேமரா போகஸால் மட்டும் சரிக்கட்டினால், நியான் விளக்கின் கோடுகள் கூர்மையாக இருக்கும், விண்மீனின் நிறமாலை மட்டும் மேலும் கீழும் தடித்துக் கிடக்கும். அலைநீள அளவுகோலுக்கு நியானின் 6506.53, 6532.88, 6598.95 கோடுகள் போதும்.

கிரேட்டிங் முகத்தைத் துடைக்காதீர்கள். தூசி இருந்தால் இருக்கட்டும். நிறமாலை வெளிச்சம் குறைவாக வந்தால் கிரேட்டிங்கை அதன் தளத்திலேயே 180 டிகிரி திருப்பிப் பாருங்கள், பிளேஸ் (ஒளியை ஒரு பக்கமாக அதிகம் அனுப்பும் கோடுகளின் சாய்வு) திசை தலைகீழாக இருந்திருக்கும்.