மூளையின் சிறு இரத்தக்குழாய்களைக் கல்சியம் சுருக்குமென்றால், தயிரையும் நெத்தலியையும் நிறுத்த வேண்டுமா?

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு இப்படி வாசித்துப் பயந்து, வீட்டில் தயிர், நெத்தலி, முருங்கை இலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திரும்பவும் கொடுங்கள். வாசித்தது சரிதான். ஆனால் அந்தக் கல்சியம் சாப்பாட்டைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை.

இரத்தத்தில் கல்சியத்தின் அளவை ஓமோன்கள் இறுக்கமாகக் காக்கின்றன. இரண்டு கரண்டி மட்டக்களப்புத் தயிர் அதை அசைக்காது. குழாய்ச் சுவரின் தசைக் கலத்துக்குள் இருப்பதோ, வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு. கலமென்சவ்வின் வாயில்கள் திறந்தால்தான் கல்சியம் உள்ளே பாய்ந்து, கல்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, தசையைச் சுருங்க வைக்கும்.

மிகச் சிறிய மயிர்த்துளைக் குழாய்களில் தசையே இல்லை. அங்கே பெரிசைட் என்ற கலங்கள், கம்பியைப் பிடித்த விரல்கள் மாதிரிக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கும். செங்குழியமே நெளிந்துதான் போகிற அந்த இடத்தில் கொஞ்சம் இறுகினாலும் ஓட்டம் நின்றுவிடலாம். ஒட்சிசனும் குளுக்கோசும் கிடைக்காதபோது பெரிசைட் இறுகி, இறுகினபடியே செத்தும் போகிறது என்று எலி மூளையில் செய்த ஆய்வொன்று 2014இல் காட்டியது; உள்ளே கல்சியம் ஏறுவதுதான் அதை இறுக்குகிறது. பெரிய குழாயின் அடைப்பை எடுத்த பிறகும் சில இடங்களுக்கு இரத்தம் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்: முதல் மணித்தியாலங்கள் போனால் போனதுதான்.

மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இன்னொரு பயமும் பழக்கம். கிளினிக் கொப்பியில் பிரஷர் குளிசையான அம்லோடிபின் 5 மி.கி. என்று இருக்கும். அது கல்சியத்தைத் தடுக்கிற குளிசை என்று யாரோ சொல்ல, எலும்பு தேய்ந்துவிடும் என்று ஆட்கள் குளிசையை விட்டுவிடுவார்கள். அது தடுப்பது முக்கியமாகக் குழாய்ச் சுவரிலுள்ள அந்த வாயிலைத்தான். குடல் கல்சியத்தை உறிஞ்சுவதையோ எலும்பையோ அது தொடுவதில்லை. அதே குடும்பத்து நிமோடிபினை, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தவர்களுக்கு 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 21 நாள் வரை கொடுப்பார்கள். சாதாரணப் பாரிசவாதத்துக்கு அது வழமையான மருந்தல்ல, கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அம்மா கல்சியக் குளிசை எடுக்கிறா என்றால் அதை மட்டும் டொக்டரிடம் கேளுங்கள். பிரஷர் குளிசையை ஒரு நாளும் விடவேண்டாம். நெத்தலிக் கருவாடென்றால் உப்புக்காகக் குறையுங்கள், கல்சியத்துக்காக இல்லை. வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.