மே மாதத்துக்கு நீங்கள் இனிக் கட்டுப்பட்டவர் அல்லர்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். திருவந்திபுரம் கோயிலில் எங்கள் திருமணம் நடந்து, வரும் வைகாசியோடு 35 ஆண்டுகள் நிறைவடைகின்றன. மனைவியும் நானும் மே மாதக் கடைசியில் பத்து நாள் சுவிட்சர்லாந்து சென்று, வாழ்நாளில் ஒருமுறையாவது நல்ல சொகுசு விடுதிகளில் தங்கிவர விரும்புகிறோம். புதுச்சேரியில் உள்ள பயண முகவர் இருவருக்கும் சேர்த்து 11.5 லட்சம் ரூபாய் கேட்கிறார். அதில் 2 லட்சத்தை இந்த வாரமும் மீதியை ஏப்ரலிலும் கட்டச் சொல்கிறார். ஆகஸ்டில் முதிர வேண்டிய 10 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டை முன்கூட்டியே முடித்துக் கட்டலாமா? மீதி 1.5 லட்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. கடன் இல்லை, மகளுக்குத் திருமணமாகிவிட்டது, ஓய்வூதியம் வருகிறது, மருத்துவச் செலவுக்குத் தனியே பணம் வைத்திருக்கிறேன். எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்டு. மே மாதம்தான் சரியான பருவமா?

பதில்: முதலில், இந்தச் செலவைச் செய்யலாமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிவதால், அதற்கு விடை சொல்லிவிடுகிறேன். கடனும் இல்லாமல், மருத்துவத்துக்கான பணத்தையும் தொடாமல், மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் நீங்கள் இருவரும் தாராளமாகச் சென்று வரலாம். நான் மாற்றிக்கொள்ளச் சொல்வது மாதத்தை மட்டுமே.

பணிக்காலம் முழுவதும் கோடை விடுமுறை ஒன்றே உங்களுக்குக் கிடைத்த நீண்ட ஓய்வாக இருந்ததால், நெடும்பயணம் என்றாலே மே மாதம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் வேறு வழியின்றி அதே வாரங்களில்தான் கிளம்பியாக வேண்டும் என்பதால், சென்னையிலிருந்து ஐரோப்பா செல்லும் விமானக் கட்டணமும் விசா விண்ணப்ப நெரிசலும் அப்போது உச்சத்தில் இருக்கும். அந்தக் கட்டாயம் இல்லாத நீங்கள் அதே விலையைக் கொடுப்பதற்குக் காரணமே இல்லை. உங்களிடம் இப்போது உள்ள பெரிய செல்வம் விருப்பம்போல் நாள் குறிக்கக்கூடிய சுதந்திரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுவிட்சர்லாந்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மே அத்தனை சிறப்பான மாதம் அல்ல. ஏரிக்கரை ஊர்கள் பசுமையாக இருந்தாலும், ஃபுர்கா, கிரிம்சல் போன்ற உயரமான மலைக்கணவாய்ச் சாலைகள் பனி அகற்றப்பட்டு ஜூன் வாக்கில்தான் முழுமையாகத் திறக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லாம் திறந்திருக்கும் என்றாலும், ஐரோப்பியர்களின் விடுமுறையும் அப்போதுதான் என்பதால் விடுதி வாடகை ஏறிவிடும். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்கான கட்டணம்கூடக் கோடையில் கூடுதல். நம்மவர்கள் பலர் எதிர்பார்க்காத இன்னொரு செய்தி, ஆல்ப்ஸின் வடபகுதியில் ஆண்டின் அதிக மழை பெய்வதும் இந்தக் கோடை மாதங்களில்தான் என்பது. பிற்பகல் இடிமழையில் மலைச் சிகரம் மேகத்துக்குள் மறைந்துவிட்டால், கொடுத்த பணத்துக்குக் காட்சி கிடைக்காது.

ஆகவே செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரையான காலத்தை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இங்கும் அங்கும் பள்ளிகள் திறந்துவிட்டதால் கூட்டம் குறைந்திருக்கும். கோடை மழை தணிந்து மலைகள் தெளிவாகத் தெரியும் நாட்கள் கூடும். மேயில் சாதாரண அறைக்குக் கேட்ட பணத்துக்கு ஏரியைப் பார்த்த அறை கிடைக்குமா என்று முகவரிடம் உரிமையோடு கேட்கலாம். கோடை முழுவதும் மலைமேல் மேய்ந்த மாடுகளைப் பூமாலையும் பெரிய மணிகளும் கட்டி ஊருக்கு ஊர்வலமாக இறக்கிவரும் விழா செப்டம்பரில் பல கிராமங்களில் நடக்கிறது. மாட்டுப் பொங்கல் கொண்டாடும் ஊரிலிருந்து செல்லும் உங்களுக்கு அது எந்த நட்சத்திர விடுதியையும்விட நெஞ்சில் நிற்கும் என்பது என் எண்ணம். அந்த நாட்களையொட்டிப் புரட்டாசிச் சனிக்கிழமைகளும் மகாளய அமாவாசையும் வருவதால், உங்கள் வீட்டு வழக்கத்தைப் பார்த்துத் தேதியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்டோபர் நடுப்பகுதியைத் தாண்ட வேண்டாம். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை ஏறக்குறைய எட்டு மணி நேரம் மலைகளினூடே செல்லும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயில் அக்டோபர் நடுவில் நின்று டிசம்பரில்தான் மீண்டும் ஓடும். நவம்பரில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடப்படும். நம் பக்கமோ வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. விலை மலிவு என்பதற்காக நவம்பரில் வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்வதை, கடலூர்க்காரர் ஒருவருக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி டெபாசிட். எடுத்துக்காட்டாக, ஓராண்டுக்கு 7 சதவீத வட்டியில் போட்ட 10 லட்சத்தை எட்டாவது மாதத்தில் எடுத்தால், வங்கி அந்தக் குறுகிய காலத்துக்குரிய வட்டியைக் கணக்கிட்டு அதிலும் 1 சதவீதம் வரை அபராதமாகக் குறைக்கக்கூடும். அப்படி உங்கள் கைக்கு 5.25 சதவீதமே வந்தால், அந்த எட்டு மாதத்துக்கான இழப்பு சுமார் 11,700 ரூபாய். பதினொன்றரை லட்சம் ரூபாய்ப் பயணத்தில் இது பெரிய தொகை அல்ல என்பதால், இதற்காக மட்டும் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2025-இல் ஒரு சுவிஸ் பிராங்க் 100 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டில் செலவாகும் பகுதி 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ரூபாய் மேலும் 3 சதவீதம் சரிந்தாலே 24,000 ரூபாய் கூடிவிடும், அது வட்டி இழப்பைப்போல் இரு மடங்கு. எனவே சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தைக் கொண்டு செப்டம்பருக்கான விமானச்சீட்டை ஏப்ரல், மே வாக்கில் ரூபாயிலேயே வாங்கிவிடுங்கள். விடுதிகளை, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்துகொண்டு, ஆகஸ்டில் டெபாசிட் முதிர்ந்ததும் மீதியைக் கட்டுங்கள். முகவரின் விலை ரூபாயில் உறுதி செய்யப்பட்டதா, பணம் கட்டும் நாளின் மாற்று விகிதப்படி மாறுமா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குச் செலுத்தும் டிசிஎஸ் வரியைப் பலர் கூடுதல் செலவு என்று நினைக்கிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிகுந்தால் திரும்பப் பெறலாம். ஆனால் ஏப்ரலுக்குப் பின் கட்டும் தொகைக்கு அடுத்த ஆண்டுத் தாக்கல் வரை அந்தப் பணம் முடங்கியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். இதன் விகிதமும் வரம்பும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாற்றப்பட்டவை என்பதால், பணம் கட்டும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில வேளைகளில் 45 நாள்வரை நீளும் என்பதால் ஜூன் மாதத்திலேயே சென்னையில் கைரேகை கொடுத்துவிடுவது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் உங்கள் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் தேவைப்படும் நாளில் இழப்பீடு மறுக்கப்படக்கூடும், சுவிஸ் மருத்துவமனைச் செலவு உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பையே கரைத்துவிடும். யுங்ஃப்ராவ்யோக் உயரத்துக்குச் செல்வது பற்றி உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மண நாளன்று இருவரும் திருவந்திபுரம் சென்று தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு வாருங்கள். பயணம் நான்கு மாதம் கழித்து வரட்டும். முகவர் இந்த வாரம் கேட்கும் 2 லட்சத்தைக் கொடுக்க வேண்டாம். அதே விடுதிகள், அதே பத்து நாள், செப்டம்பர் மூன்றாம் வாரப் புறப்பாடு என்று சொல்லி, விமானம், விடுதி, ரயில், வரி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் விலைப்பட்டியலையும், ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு முகவரிடம் செல்லுங்கள்; செப்டம்பருக்கு இன்னும் போதிய காலம் இருக்கிறது.