கொடைக்கானலில் வளர்ந்த லாப்ரடாரை ரெண்டு நாள் ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குக் கூட்டிப் போகலாமா? எதையெல்லாம் கவனிக்கணும்?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். மலை நாய்க்குக் கடலில் வரும் பிரச்சினை அலை அல்ல, வெக்கை. 2,100 மீட்டர் உயரத்தில் வளர்ந்த உடம்பு வெயிலுக்குப் பழக ரெண்டு வாரமாவது வேண்டும். உங்களிடம் இருப்பது ரெண்டு நாள். ஏப்ரல், மே என்றால் வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போவதே நல்லது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் எந்த மாதத்திலும் வேண்டாம்.

வெயிலுக்குப் பயந்து மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். லாப்ரடாருக்கு ரெண்டு அடுக்கு முடி. வெயில் நேராகத் தோலில் படாமல் தடுப்பதும் அதுதான். ஒரு வாரம் தினமும் சீப்புப் போட்டு உள்முடியை எடுத்தால் போதும்.

தூரம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். அதில் மலை இறங்கும் முதல் ஐம்பதுதான் சோதனை. முந்தின இரவு எட்டு மணிக்குப் பாதி வயிறு சோறு, காலையில் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும் கொஞ்சம். வளைவில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே மாத்திரை எழுதி வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் மனுஷ மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். பின் சீட்டில் நெஞ்சுப் பட்டை மாட்டி, அதை சீட் பெல்ட்டோடு இணைக்கணும். கழுத்துப் பட்டையில் கட்டினால் சடன் பிரேக்கில் கழுத்து இறுகும்.

நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மதுரையைத் தாண்டிவிடலாம். அந்த நேரம் ரோட்டில் காட்டெருமை நிற்கும், மூடுபனி இருக்கும். ஜன்னலை ஏற்றிவிட்டு மெதுவாக இறங்குங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியிலும் டம் டம் பாறையிலும் நாயை இறக்க வேண்டாம். விடிந்துவிட்டால் அங்கே குரங்குக் கூட்டம், சண்டை வந்தால் கடி நிச்சயம். பெருமாள்மலையில் ஒரு தடவை, காட்ரோடு செக்போஸ்ட் தாண்டியதும் ஒரு தடவை இறக்கினால் போதும். பரமக்குடி பக்கம் நிறுத்தி உப்புப் போடாத தயிர்சாதம் ரெண்டு கை கொடுக்கலாம். ஏசி இல்லாத வண்டி என்றால் இந்தப் பயணத்தையே யோசிக்கணும். ரயிலில் முதல் வகுப்புக் கூபே முழுவதையும் எடுத்தால்தான் கூட வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் கடைசிப் பெட்டியில் உள்ள இரும்புக் கூண்டு. அது வேண்டவே வேண்டாம்.

தங்குமிடம் கோயில் பக்கம் தேடாதீர்கள். யாத்திரைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜில் நாயைச் சேர்ப்பது கஷ்டம், அக்னி தீர்த்தக் கரைக்கும் கூட்டிப் போவது முறையில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் காம்பவுண்ட் உள்ள வீடாகப் பாருங்கள். "நாய் வரலாம்" என்பதை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சரி என்றவர் வாசலில் பேச்சை மாற்றுவது சகஜம்.

விளையாட உச்சிப்புளி பக்கத்து அரியமான் கடற்கரை நல்லது. பாக் விரிகுடா பக்கம் என்பதால் ஆழம் குறைவு, அலையும் அவ்வளவாக இருக்காது. தனுஷ்கோடி பார்க்க அழகு, ஆனால் நீரோட்டம் இழுக்கும். அங்கே கயிறில்லாமல் விடக்கூடாது. நேரம் காலை எட்டுக்குள், மாலை ஐந்துக்கு மேல். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதமும் கொப்பளிக்கும்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பந்தைக் கவ்வும்போதெல்லாம் ஒரு வாய் உள்ளே போகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே கூப்பிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். 30 கிலோ நாய்க்கு இந்த வெக்கையில் ஒரு நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் வரை ஆகும். அந்தப் பக்கம் பல இடங்களில் குழாயில் வருவதே உப்புத் தண்ணிதான், அதனால் கேன் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேசாக வயிறு போனால் பயமில்லை. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, நடை தள்ளாடினால் உடனே மருத்துவரிடம் ஓடணும்.

பலரும் கவனிக்காதது கரையில் கிடக்கும் மீன். கரைவலை இழுத்த இடத்தில் வேண்டாத மீனை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். அதில் பேத்தை இருக்கும்: வயிறு ஊதிய, செதில் இல்லாத மீன். அதன் விஷம் காய்ந்து கருவாடானாலும் போகாது. நாய் அதைக் கடித்துத் தின்றால் கை கால் செயலிழந்து மூச்சு நிற்கும், மாற்று மருந்து கிடையாது. கெளுத்தி முள் பாதத்தில் ஏறினால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், இழுத்தால் சதை கிழியும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். இதற்காகவே "விடு" என்றால் வாயில் இருப்பதைக் கீழே போட வீட்டிலேயே பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். பழகவில்லை என்றால் வலை இழுக்கும் இடத்தில் கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள்.

மூச்சிரைப்பு அடங்கவே இல்லை, எச்சில் கெட்டியாக ஒழுகுகிறது, ஈறு செக்கச்செவேல் என்றால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் சாதாத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ராமநாதபுரத்தில் ஒரு கால்நடை மருத்துவர் நம்பரைக் கிளம்பும் முன்பே போனில் போட்டு வையுங்கள்.

உண்ணி இன்னொரு தலைவலி. மலைக்குளிரில் குறைவாகவே பார்த்திருப்பீர்கள், கீழே தெருநாய் திரியும் இடமெல்லாம் உண்டு. முதுகில் விடும் சொட்டு மருந்து கடலில் நனைந்தால் வேலை செய்யாமல் போகலாம். அதனால் பிராவெக்டோ, நெக்ஸ்கார்ட் மாதிரி உள்ளே கொடுக்கும் மாத்திரையை எடைக்குத் தகுந்தபடி மருத்துவரைக் கேட்டு ரெண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் அதை அவரிடம் சொல்லணும். வெறிநாய்த் தடுப்பூசி, லெப்டோ (எலிக்காய்ச்சல்) உள்ள கூட்டு ஊசி ரெண்டும் தேதி தாண்டாமல் இருக்கட்டும்.

திரும்பும் அன்று நல்ல தண்ணீரில் அலசி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள். ஜனவரி இரவில் மேலே பத்து டிகிரிக்குக் கீழே போகும், ஈர முடியோடு போனால் நடுங்கிவிடும். அடுத்த மூணு வாரத்துக்குள் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காய்ச்சலடித்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, ராமேஸ்வரம் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லி உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.