வாடகை வீட்டுக்கு நாமே பெயின்ட் அடித்துக் கொடுக்கலாமா?

பெங்களூரில் வீடு காலி செய்யும்போது ஓனர் பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடிக்கப்போகிறார், நானே அடித்துக் கொடுத்தால் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று அதில் இருந்தால், நீங்கள் தங்கத்தாலேயே பூசிக் கொடுத்தாலும் அவர் பிடிக்கத்தான் பார்ப்பார் (இந்த ஊர் வழக்கம் அப்படி), அதனால் பேசி, வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்காமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

சரி, ஒத்துக்கொண்டார் என்றால் கணக்கு இதுதான்: 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் மட்டும் 440 சதுர அடி, கதவு ஜன்னல் போக 400. சாதாரண எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50, 60 சதுர அடி வரும், ஆக 7, 8 லிட்டர். அழுக்கு, ஆணி ஓட்டை மட்டும்தான் என்றால் சனி ஞாயிறில் நீங்களே முடிக்கலாம். ஆனால் பாத்ரூமை ஒட்டிய சுவர் ஊறி உப்புப் பூத்திருக்கிறது என்றீர்களே, அதைத் தொடாதீர்கள். கசிவை அடைக்காமல் மேலே அடித்தால் மறுபடி உரியும், அப்புறம் பழி உங்கள் தலையில். அது ஓனர் ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலை, இப்போதே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.